இரு வீட்டுக்கும் மகள்

ஆறு வயதுப் பெண் குழந்தையைப் பத்தாண்டுக் காலம் கடல்கடந்த நாட்டில் விட்டுவைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆயினும் 1871ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் ஜப்பான் நாட்டு யோகோஹாமாத் துறைமுகத்தில் அப்படி ஒரு குழந்தை கப்பலேறியது. பெயர் உமே, த்சுதா குடும்பத்தின் இரண்டாவது மகள். கப்பலின் பெயரும் அமெரிக்கா, போகும் நாடும் அமெரிக்கா. கப்பல் நடுக்கடலில் சென்றுகொண்டிருந்தபோது, டிசம்பர் 31ஆம் நாளன்று, அவளுக்கு ஏழு வயது நிறைந்தது. பிற்காலத்தில் த்சுதா உமேகோ என்று உலகம் அறிந்த கல்வியாளர் இவரே. 2024ஆம் ஆண்டு வெளிவந்த 5000 யென் பணத்தாளில் இவருடைய முகத்தைத்தான் ஜப்பானிய அரசு பொறித்துள்ளது.

குழந்தையை அனுப்பியது வறுமையன்று, அரசு. 1868இல் ஷோகன்களின் ஆட்சி வீழ்ந்து மெய்ஜிப் பேரரசரின் ஆட்சி தோன்றியது. வட தீவான ஹொக்கைதோவை வளப்படுத்த அமைந்த துறையின் அதிகாரி குரோதா கியோதகா அமெரிக்கா சென்று வந்தவர். அங்குள்ள பெண்களின் கல்வி அவரை வியப்பில் ஆழ்த்தியது. படித்த தாயின் மடியில்தான் படித்த மகன் வளர்வான் என்பது அவர் கணக்கு. (பெண்ணுக்காகப் பெண் கல்வி என்ற எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.) அமெரிக்கா செல்லவிருந்த இவாகுராத் தூதுக்குழுவோடு சில சிறுமியரையும் அனுப்பி, பத்தாண்டு படிக்கவைக்க ஏற்பாடாயிற்று. செலவு முழுதும் அரசினுடையது. அதற்கு மேலும் ஆண்டுக்கு 800 டாலர். இவ்வளவு சொல்லியும் முதல் அழைப்புக்கு ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. இரண்டாம் அழைப்புக்கு ஐந்து பேர் வந்தனர், ஐவரும் தேர்வாயினர். பெரும்பாலும் உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்துச் சாமுராய்க் குடும்பங்கள். இழந்த மதிப்பை மகள் மூலம் மீட்கலாம் என்ற நைப்பாசை அக்குடும்பங்களுக்கு இருந்திருக்கக்கூடும்.

உமேயின் தந்தை த்சுதா சென் 1867இலேயே அமெரிக்கா சென்று வந்த மொழிபெயர்ப்பாளர். பின்னாளில் புதிய வேளாண்மை முறைகளைப் பரப்பியவர். ஆனால் உமே பிறந்தபோது அந்த முற்போக்காளர் நடந்துகொண்ட விதம் நமக்குப் பழகிய கதைதான். ஆண் பிள்ளையை எதிர்பார்த்தவர் மீண்டும் பெண் என்றதும் சினந்து வீட்டை விட்டு வெளியேறினார். ஏழாம் நாள் வரை குழந்தைக்குப் பெயரில்லை. தாயின் படுக்கையருகே தொட்டியில் இருந்த உமே மரத்தைப் பார்த்து அந்தப் பெயரையே வைத்தார்களாம். கடுங்குளிரிலும் பூப்பது அந்த மரம்.

இங்கே ஜப்பானியக் குடும்ப முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். சென் பிறப்பால் த்சுதா அல்லர். மனைவியின் குடும்பப் பெயரை ஏற்று, வீட்டோடு மாப்பிள்ளையாகச் சுவீகாரம் புகுந்தவர். அங்கே குடும்பம் என்பது இரத்தத்தைவிட வீட்டுப் பெயர். பெயர் நிலைக்கப் பிள்ளையைக் கொடுப்பதும் எடுப்பதும் அன்றாட வழக்கம். மகளை வேறு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் துணிவு ஓரளவு இதிலிருந்தே அவர்களுக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. துணிவு இருந்தது என்பதற்காகத் துயரம் இல்லை என்று பொருளன்று. ஐவருள் ஒருத்தியான பதினொரு வயது யமாகவாப் பெண்ணுக்கு, புறப்படுமுன் அவள் தாய் சுதெமாத்சு என்று புதுப்பெயர் இட்டார். கைவிட்டுவிட்டுக் காத்திருத்தல் என்பது அதன் பொருள். ஒரு தாய் தன் கண்ணீரை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

வாஷிங்டனில் ஜப்பானின் பேராளராக இருந்த மோரி அரினோரி என்ற இளைஞர், வந்திறங்கிய உமேயின் உருவத்தைக் கண்டு திகைத்தார். சில மாதங்கள் ஐவரையும் ஒரே வீட்டில் வைத்துப் பார்த்தனர். சிறுமியர் தம்முள் ஜப்பானிய மொழியே பேசிக்கொண்டிருந்ததால் ஆங்கிலம் வளரவில்லை. மூத்தவர் இருவர் உடல்நலம் குன்றி 1872இலேயே ஊர் திரும்பினர். சுதெமாத்சுவும் நாகாய் ஷிகேயும் கனெக்டிகட் மாநிலத்தில் இரு பாதிரியார் குடும்பங்களுக்குச் சென்றனர். உமே, வாஷிங்டனை அடுத்த ஜார்ஜ்டவுனில் சார்லஸ் லான்மன், அடலின் என்ற தம்பதியரிடம் வந்து சேர்ந்தாள்.

லான்மன் எழுத்தாளர், ஓவியர். ஜப்பானியத் தூதரகத்தில் செயலாளர். பிள்ளைப்பேறு இல்லாதவர்கள். ஓராண்டுக்கென வந்த குழந்தையை அவர்கள் விடவேயில்லை. புத்தகங்களும் படங்களும் நிறைந்த வீடு, பியானோ, கோடைப் பயணங்கள் என்று ஓர் அமெரிக்கப் பெண்ணாகவே உமே வளர்ந்தாள். தானே விரும்பிக் கேட்டு 1873இல் கிறித்துவ சமயத்தில் திருமுழுக்குப் பெற்றாள். மகளைப் பின்பற்றினாற் போல ஜப்பானில் பெற்றோரும் 1875இல் அச்சமயத்தைத் தழுவினர். ஆண்டுகள் செல்லச் செல்ல ஜப்பானிய மொழி அவள் நாவிலிருந்து மெல்லக் கழன்று போயிற்று.

1882 நவம்பரில், பதினேழு வயதில், சுதெமாத்சுவோடு தாயகம் திரும்பினார். அந்த வீடு திரும்பலை எண்ணிப் பாருங்கள். பெற்ற தாய் எதிரில் நிற்கிறார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மகளுக்குத் தாய்மொழி தெரியாது. தந்தைக்கு ஆங்கிலம் தெரிந்தது ஒன்றே ஆறுதல். பிரிவிலும் சந்திப்பிலும் கட்டித் தழுவி முத்தமிடும் வீட்டில் வளர்ந்தவர், குனிந்து வணங்குவதோடு நிறுத்திக்கொள்ளும் வீட்டுக்கு வந்திருக்கிறார். அன்பு குறைவென்பதில்லை, அதைக் காட்டும் முறை வேறு. செருப்பை வாசலில் கழற்றுவது நமக்குப் புதிதன்று, அவருக்குப் புதிது. கால்களை மடித்துக் குதிகால்மேல் பாயில் அமர்ந்தால் சிறிது நேரத்தில் மரத்துப்போகும். யாருக்கு எவ்வளவு குனிய வேண்டும், யாரிடம் எந்த மரியாதைச் சொல் என்பதையெல்லாம் குழந்தை போலக் கற்க வேண்டியிருந்தது. அப்போது அவர் மனம் திறந்தது ஒரே இடத்தில்தான்: ஜார்ஜ்டவுனில் இருந்த அடலின் அம்மையாருக்கு எழுதிய கடிதங்களில்.

இவற்றைவிடப் பெரிய ஏமாற்றம் வேறு. இவர்களை அனுப்பிய துறையே 1882இன் தொடக்கத்தில் கலைக்கப்பட்டுவிட்டது. பத்தாண்டுக்கு மேல் பணம் செலவிட்டுப் படிக்கவைத்த அரசு, திரும்பி வந்த பெண்களுக்கு என்ன வேலை தருவது என்று யோசித்திருக்கவேயில்லை. அரசு பணத்தில் படித்து வந்த ஆண்களுக்குப் பதவிகள் காத்திருந்தன. பெண்களுக்குக் காத்திருந்தது திருமணம். அக்கால ஜப்பானில் இருபதைக் கடந்த கன்னியைப் பார்த்தால் ஊர் கேள்வி கேட்கும்.

மூவருள் ஷிகே கொடுத்து வைத்தவர். அமெரிக்கக் கடற்படைப் பள்ளியில் படித்த உரியூ என்ற அதிகாரியை அந்நாட்டிலேயே அறிந்திருந்தார். 1882இன் இறுதியில் அவரையே மணந்தார். பெரியவர்கள் பேசி முடிக்கும் திருமணமே வழக்கமான நாட்டில் அது புதுமை. இசை ஆசிரியராகவும் பணி கிடைத்தது. சுதெமாத்சுவின் கதை வேறு. வாசர் கல்லூரியின் பட்டதாரி. பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண். ஆசிரியப் பணி வந்தபோது ஜப்பானிய எழுத்தைப் படிக்கத் தெரியாததால் ஏற்க முடியவில்லை. 1883இல் போர் அமைச்சர் ஓயாமா இவாவோவுக்கு இரண்டாம் தாரமானார். அவர் பதினெட்டு வயது மூத்தவர், மூன்று பெண்களின் தந்தை. 1868இல் சுதெமாத்சுவின் கோட்டையைப் பீரங்கி கொண்டு தாக்கிய படையில் இருந்தவரும் அவரே. அந்த முற்றுகையின்போது எட்டு வயதுச் சிறுமியாகக் கோட்டைக்குள் இருந்தவர் சுதெமாத்சு. இருவருடைய வட்டார வழக்கும் ஒருவர்க்கொருவர் விளங்காததால் தொடக்கத்தில் பிரெஞ்சு மொழியில் பேசிக்கொண்டனராம்.

அந்த வீட்டில் பிற்காலத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மூத்தாள் மகளுக்குக் காசநோய் கண்டதும் புகுந்த வீட்டார் மணவிலக்குச் செய்து அனுப்பினர். அமெரிக்காவில் செவிலியர் பயிற்சியும் பெற்றிருந்த சுதெமாத்சு, தொற்று பரவாதிருக்கத் தனிக்கட்டு ஒன்று கட்டி அப்பெண்ணைப் பேணினார். 1896இல் அவள் இறந்தாள். 1898இல் தொடங்கி இதையே கருவாகக் கொண்டு தொடர்கதையாக வந்த ஹொத்தொத்தொகிசு என்ற நாவலில், மேல்நாட்டுப் படிப்புப் படித்த மாற்றாந்தாய் கொடியவளாக வருகிறாள். நாடு முழுதும் அதைப் படித்து அழுதது, சுதெமாத்சுவைப் பழித்தது. அமெரிக்காவில் நல்ல மருத்துவமாகக் கருதப்பட்டது ஜப்பானியர் கண்ணுக்கு வீட்டை விட்டு ஒதுக்குதலாகத் தெரிந்தது.

உமே மணம் செய்துகொள்ளவில்லை. அமெரிக்காவில் படித்த மாப்பிள்ளைகளும் பேசப்பட்டனர், மறுத்துவிட்டார். மனைவி கணவனோடு விருந்தில் அமர்வதையும் கணவன் மனைவியிடம் கருத்துக் கேட்பதையும் லான்மன் வீட்டில் கண்டு வளர்ந்தவருக்கு, ஜப்பானிய மேற்குடியின் இல்லறம் அதிர்ச்சி தந்தது. கணவனின் பிற தொடர்புகளை மனைவி காணாதிருப்பதே பண்பாடு. காமக்கிழத்திக்கு ஒரு சட்ட நிலைகூட 1882இல் புதிய குற்றவியல் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை இருந்தது. மணவிலக்கு நேர்ந்தால் பிள்ளைகள் தந்தையின் வீட்டுக்கே உரியவர். தாய் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். இவற்றை உமே வெளியாளாக மட்டும் பார்க்கவில்லை. தூதுக்குழுவில் உடன் பயணம் செய்த இத்தோ ஹிரோபூமி அவரை நினைவில் வைத்திருந்து தம் மனைவிக்கும் மகளுக்கும் ஆங்கிலமும் மேல்நாட்டு நடைமுறையும் கற்பிக்கத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். பின்னர் நாட்டின் முதல் பிரதமரான அவருடைய வீட்டில் பெரிய இடத்துப் பெண்களின் வாழ்வை அருகிருந்து கண்டார். 1885இல் உயர்குடி மகளிர் பள்ளியில் ஆசிரியரானார். ஊதியம் நன்று, மதிப்பும் உண்டு. ஆனால் அங்கே வந்த பெண்களுக்குக் கல்வி ஓர் அணிகலன். வாழ்வைத் தாங்கும் ஊன்றுகோல் அன்று.

விடுப்புப் பெற்று 1889இல் பென்சில்வேனியாவின் பிரின் மார் மகளிர் கல்லூரிக்குச் சென்றார். படித்தது உயிரியல்! பின்னர் நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஹன்ட் மார்கனோடு சேர்ந்து தவளை முட்டை பற்றி அவர் செய்த ஆய்வு 1894இல் வெளியாயிற்று. அறிவியலிலேயே நின்றிருக்கலாம், நிற்கவில்லை. 1890ஆம் ஆண்டுக் கோடையில், சுதெமாத்சு வளர்ந்த வீட்டின் மகளான ஆலிஸ் பேக்கனோடு தங்கி, ஜப்பானியப் பெண்களின் வாழ்வு பற்றி அவர் எழுதிய நூலுக்குத் துணை செய்தார். 1891இல் வந்த அந்நூலின் முகப்பில் பேக்கனின் பெயர் மட்டுமே உண்டு. அயல்நாட்டார்க்குத் தம் வீட்டுக் குறைகளை எடுத்துச் சொல்லும்போது நிறைகளையும் காக்க வேண்டிய இரட்டைப் பொறுப்பு உமேக்கு இருந்தது. தாம் பெற்ற வாய்ப்பு பிறர்க்கும் கிடைக்க வேண்டுமென்று அமெரிக்க மாதரிடம் 8000 டாலர் திரட்டி ஜப்பானிய மாணவியர்க்கு உதவித்தொகை நிறுவிவிட்டு 1892இல் திரும்பினார்.

1900 செப்டம்பர் 14ஆம் நாள், அரசுப் பள்ளியின் வேலையைத் துறந்து, டோக்கியோவில் ஒரு வாடகை வீட்டில் பத்து மாணவியரோடு சொந்தப் பள்ளியைத் தொடங்கினார். சுதெமாத்சு புரவலரானார். ஆலிஸ் பேக்கன் ஊதியம் வாங்காமல் பாடம் நடத்தினார். 1902இல் பிலடெல்பியாவிலிருந்து வந்த ஆனா ஹார்ட்ஷார்ன் 1940 வரை பணியாற்றினார். ஆசிரியர் வீட்டிலேயே மாணவர் சிலர் தங்கிப் பயில்வது ஜப்பானின் பழைய ஜுகு முறை. அதற்குள் பிரின் மாரின் கடும் பயிற்சியைப் புகுத்தினார் உமே. விடுதி வாழ்க்கை அறிந்த நம் மாணவியர்க்கு இதன் சுவை புரியும். பாடத்தில் தயவு தாட்சணியம் இல்லாத ஆசிரியர். உச்சரிப்பு ஒன்று பிழைத்தால் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பார். 1905இல் அப்பள்ளியின் பட்டதாரியர் தனித் தேர்வின்றியே ஆங்கில ஆசிரியர் உரிமம் பெறலாம் என்று அரசு ஏற்றது. கணவன் வீட்டை மட்டும் நம்பியிராத ஒரு வருவாய் பெண்ணின் கைக்கு வந்தது.

1902இல் தந்தையின் குடும்பப் பதிவிலிருந்து பிரிந்து தமக்கெனத் தனிப் பதிவு செய்துகொண்டார். பெயரும் உமேகோ ஆயிற்று. தந்தை 1908இலும் தாய் அடுத்த ஆண்டிலும் மறைந்தனர். 1907இலும் 1913இலும் அமெரிக்கா சென்று வந்தார். கணவரை 1895இலேயே இழந்திருந்த அடலின் அம்மையார் 1914இல் காலமானார். 1917 முதல் நோய் உமேகோவை வாட்டியது. 1919இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டு, பள்ளிக்கு அடுத்த தலைவரைத் தேடி அலைந்துகொண்டிருந்த சுதெமாத்சு, நச்சுக் காய்ச்சலில் உயிர்நீத்தார். பள்ளிக் கட்டடம் 1923 நிலநடுக்கத்தில் அழிந்தபோது உமேகோ எழுந்து நடமாட இயலாத நிலையில் இருந்தார். ஹார்ட்ஷார்ன்தான் அமெரிக்கா சென்று நிதி திரட்டினார். உதவித்தொகையில் பிரின் மார் சென்று படித்த ஹோஷினோ ஐ தலைமைப் பொறுப்பேற்றார். 1929 ஆகஸ்ட் 16ஆம் நாள் கமாகுராவில் உமேகோ இயற்கை எய்தினார். பள்ளி இன்று த்சுதா பல்கலைக்கழகமாகக் கோதைராவில் இருக்கிறது. அவருடைய கல்லறையும் அந்த வளாகத்துக்குள்தான்.

1984இல் அக்கல்லூரியின் மேல்மாடிக் கிடங்கு ஒன்றில் பழைய பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான கடிதங்கள் அகப்பட்டன. 1882 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உமேகோ ஜார்ஜ்டவுனுக்கு எழுதியவை அவை. வெளியே கண்டிப்பான ஆசிரியராகவே அறியப்பட்டவர், கால் மரத்துப்போனதையும், சொல் மறந்ததையும், மாப்பிள்ளைப் பேச்சின் எரிச்சலையும் அவற்றில் ஒளிக்காமல் கொட்டியிருந்தார். எல்லாம் ஆங்கிலத்தில், ஒரு மகள் தாய்க்கு எழுதுவது போலவே.