பிச்சைக்காரர் கோலத்தில் வந்த குருவானவர்

செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு நாம் வீதியில் நடந்தால் இன்று நம்மை ஏனென்று கேட்பார் இல்லை. ஆனால் அதே செபமாலை ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடக்கூடிய காலம் ஒன்று இலங்கையில் இருந்தது. அந்தக் காலத்தில், வேண்டுமென்றே அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குச் சென்ற புனித ஜோசப் வாஸ் அடிகளாரின் வரலாற்றை இங்கே சொல்ல விழைகின்றோம்.

அடிகளார் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் கோவா நாட்டில் பெனாலிம் என்ற ஊரில் பிறந்தார். 1676-இல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டே தம்மைத் தேவதாயின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு சாசனம் எழுதிவைத்தார் என்றால், அவருடைய பக்தி எத்தகையது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இலங்கையின் செய்தி அப்போதே அவர் செவிக்கு எட்டியிருந்தது. 1658-இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்கள் அனைவரையும் வெளியேற்றினர். குரு ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளையும் பிறப்பித்தனர். அதன்பின் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, மரிப்பவர்களுக்கு அவஸ்தைப்பூசுதலும் இல்லை. ஒரு தலைமுறையே இப்படி வளர்ந்தது. பெற்றோர் இரகசியமாகச் சொல்லிக்கொடுத்த செபங்களே பிள்ளைகளுக்கு மிஞ்சிய வேதம்.

அடிகளார் உடனே போக விரும்பினார். மேலதிகாரிகளோ 1681-இல் அவரைக் கன்னட நாட்டுக்கு அனுப்பினார்கள். மறுப்புச் சொல்லாமல் சென்று அங்கே பணிபுரிந்து திரும்பினார். 1685-இல் கோவாவில் இந்தியக் குருக்கள் கூடி வாழ்ந்த ஒரட்டோரியன் சபையில் சேர்ந்தார். மறு ஆண்டு புறப்படும் நாள் வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அக்காலக் கோவாவில் ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியரைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதில்லை. தோலின் நிறம் ஒரு குறையாகக் கருதப்பட்டது. அந்த நிறமே இப்போது அவருக்குக் கவசமாயிற்று. ஐரோப்பியர் ஒருவர் இலங்கைக் கரையில் இறங்கினால் அன்றே அகப்படுவார். கந்தலுடுத்த ஓர் இந்தியக் கூலியாளை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

தூத்துக்குடியும் அப்போது ஒல்லாந்தர் வசமே இருந்தது. அங்கிருந்து 1687-இல், யோவான் என்ற தம் பணியாளுடன், வேலை தேடிப் போகும் ஏழையைப் போல அடிகளார் தோணி ஏறினார். குறுகிய கடல்தான், ஆயினும் புயல் அலைக்கழித்தது. பசியாலும் தாகத்தாலும் வாடி மன்னார் சேர்ந்து, யாழ்ப்பாணத்தை அடைந்தபோது இருவரையும் கடுமையான வயிற்றுக்கடுப்பு பற்றிக்கொண்டது. தொற்றுநோய் என்று அஞ்சிய மக்கள் அவர்களை ஊருக்கு வெளியே ஒதுக்கிவிட்டனர். இரக்கமுள்ள ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியே அவர்கள் உயிரைக் காத்தது என்று வரலாறு கூறுகிறது. அந்தப் புண்ணியவதியின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. நமக்கு அது ஒரு குறைதான்.

உடல் தேறியதும் வேறொரு கவலை. கத்தோலிக்கர் யார், எங்கே இருக்கிறார்கள்? வாய்விட்டுக் கேட்டால் ஆபத்து. ஆகவேதான் செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு பிச்சைக்குப் போனார். அரிசியை வாங்கும்போது வீட்டாரின் முகத்தைக் கவனிப்பார். மாலையைக் கண்டு யாருடைய கண்ணாவது கலங்குகிறதா? இவ்வாறு பல நாள் அலைந்தபின் விசுவாசக் குடும்பம் ஒன்று தென்பட்டது. தாம் குரு என்பதை மெல்ல வெளிப்படுத்தினார். முப்பது ஆண்டுகள் குருவைக் காணாதவர்கள் அதைக் கேட்டபோது எப்படி இருந்திருக்கும்!

பண்டத்தரிப்புக்கு அருகிலுள்ள சில்லாலைக் கிராமத்தார் அவரை மறைத்து வைத்துக்கொண்டார்கள். பகலெல்லாம் மறைவு; இரவிலே திருப்பலி, ஞானஸ்நானம், பாவசங்கீர்த்தனம். ஆனால் 1689-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், திருப்பலிக்காக மக்கள் கூடியிருந்த வீட்டில் போர்வீரர்கள் புகுந்தனர். அடிகளார் அவர்கள் கையில் அகப்படாமல் தப்பினார். மக்கள் தப்பவில்லை. சிலர் சவுக்கால் அடிக்கப்பட்டுச் சிறைக்குச் சென்றனர். ஒருவர் அந்தக் காயங்களால் உயிர் நீத்தார். தம் பொருட்டு மற்றவர்கள் அடிபட்டதே அடிகளாருக்கு எல்லாவற்றிலும் பெரிய துன்பமாக இருந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

அதன்பின் ஒல்லாந்தர் கைக்கு எட்டாத கண்டி இராச்சியத்தை நோக்கி, 1690-இல் புத்தளத்துக்கும் 1692-இல் கண்டிக்கும் சென்றார். அங்கே பிரெஞ்சுக்காரர் ஒருவர், இவர் போர்த்துக்கீசரின் ஒற்றர் என்று கோள் சொல்ல, சிறைவாசம் கிடைத்தது. அடிகளார் சோரவில்லை. சிறையிலிருந்தபடியே சிங்களம் கற்றார். காவல் தளர்ந்தபோது சிறை வளவிலேயே சிறு குடிசைக் கோவிலொன்று அமைத்துத் திருப்பலி நிறைவேற்றினார். கடும் வறட்சி ஒன்றின்போது அவர் செபிக்க மழை பெய்ததென்றும், அதன்பின் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் அவரைத் தடையின்றி நடமாட விட்டாரென்றும் சொல்வார்கள். கிறிஸ்தவ அரசு வேட்டையாடிய குருவுக்கு ஒரு பௌத்த மன்னர் நிழல் கொடுத்தார்!

இத்தனை ஆண்டுகளும் தீவு முழுவதற்கும் அவர் ஒருவரே குரு. மற்றவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டுவந்த அவருக்குத் தம்முடையதைச் சொல்ல இன்னொரு குரு இல்லை. கோவாவிலிருந்து துணைக்குருக்கள் வந்து சேர்ந்தபோது ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

1697-இல் கண்டியில் வைசூரி பரவியது. மன்னரும் செல்வரும் நகரைவிட்டு அகன்றனர். நோயாளிகளை உறவினரே காட்டில் விட்டுச் சென்றனர். அடிகளாரும் புதிதாக வந்த கார்வாலோ சுவாமியும் அவர்களுக்குக் குடிசை கட்டி, கஞ்சி ஊட்டி, புண்களைக் கழுவி, மரித்தவர்களைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தனர். கத்தோலிக்கரா, பௌத்தரா என்று அவர்கள் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்து எல்லையில் தமக்குக் கஞ்சி வார்த்த பெண்ணை அப்போது அவர் நினைத்திருப்பாரோ?

1711-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் அடிகளார் கண்டியிலேயே இறைவனடி சேர்ந்தார். 2015 ஜனவரி 14-இல் கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். தோணி ஏறிய நாள் முதல் சொந்த ஊரான கோவாவை அவர் மீண்டும் காணவே இல்லை.