யானை தந்த வாழ்வு

வாணிகம் என்றவுடன் முதலும் இலாபமுமே நம் நினைவுக்கு வருகின்றன. வாங்க வருபவரின் உள்ளத்தை அறிவதே பெரும் முதல் என்று வாழ்ந்து காட்டியவர் ஒரு பெண்மணி. பொம்மை வாணிகத்தில் உலகப் புகழ் பெற்ற மார்கரெட் ஸ்டைஃப் அம்மையார்தாம் அவர்.

தெற்கு ஜெர்மனியில், பிரென்ஸ் ஆற்றங்கரையிலுள்ள கீங்கன் என்னும் சிற்றூரில் 1847 ஜூலை 24ஆம் நாள் அவர் பிறந்தார். ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. கால்கள் செயலிழந்தன; வலக்கையை அசைப்பதும் வேதனையாயிற்று. ஆயினும் அவர் மூலையில் முடங்கவில்லை. சிறு வண்டியில் வைத்து மற்றவர் இழுத்துச் செல்லப் பள்ளிக்குப் போனார். அண்டை வீட்டுக் குழந்தைகளைக் கூட்டி விளையாட்டுக் காட்டினார். குழந்தை உள்ளத்தை அங்கேதான் பயின்றார் போலும்!

தையற்கலை அவர் தொழிலாயிற்று. எந்திரத்தின் சக்கரமோ வலப்புறம் இருந்தது. அவர் எந்திரத்தையே திருப்பி வைத்து இடக்கையால் சுழற்றினார்! 1877இல், ஃபெல்ட் என்னும் அழுத்திய கம்பளித் துணியில் ஆடைகள் செய்து விற்கத் தொடங்கினார். 1880இல் அதே துணியில், ஊசி குத்தி வைப்பதற்காகச் சிறு யானைகள் தைத்தார். பெண்களுக்காகச் செய்த அந்த யானைகளைக் குழந்தைகள் எடுத்து விளையாடினர். மரத்திலும் பீங்கானிலும் செய்த பொம்மைகள் மிகுந்திருந்த காலம் அது. குழந்தை அணைத்துக்கொள்ள மென்மையான பொம்மை வேண்டும் என்பதை அம்மையார் உணர்ந்தார். ஊசி மெத்தை விளையாட்டுப் பொருளாயிற்று. 1886இல் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட யானைகள் விற்றன.

இவ்வரலாறு என்னைக் கவர்ந்ததற்குக் காரணம் உண்டு. என் தாயார் தையல் எந்திரத்தை மிதித்துத்தான் என்னைப் படிக்க வைக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆயத்த ஆடைகள் கடைத்தெருவெங்கும் மலிந்த பின்னும் எங்கள் தெருப் பெண்கள் அவரைத் தேடி வருகிறார்கள். யாருக்குத் தோள் இறங்கும், எந்தக் குழந்தைக்குக் கழுத்து இறுகினால் பிடிக்காது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இந்த வரவு எத்தனை நாள் நிலைக்குமோ என்று நான் கலங்குவதுண்டு. பெரிய ஆலைகளின் முன் ஒருவரின் கைத்திறன் நிற்குமா?

அம்மையாரின் பிற்கால வாழ்வு இதற்கு விடை தருகிறது. அவருடைய தம்பியின் பிள்ளைகள் தொழிலில் சேர்ந்தனர். அவர்களுள் ரிச்சர்டு 1902இல் கைகால் அசையும் கரடிப் பொம்மையை வடிவமைத்தார். அமெரிக்காவில் ‘டெடி’ என்று செல்லப் பெயர் பெற்ற அவ்வகைக் கரடிகள் 1907இல் மட்டும் 9,74,000 உருவாயின. தொழில் இவ்வளவு பெருகிய பின்னும், புதுப் பொம்மை ஒவ்வொன்றின் முதல் மாதிரியையும் அம்மையாரே தொட்டுப் பார்த்துத் தேர்ந்தார். போலிகள் பெருகவே, 1904 முதல் பொம்மையின் காதில் ஓர் உலோகப் பொத்தானைப் பதித்தனர். தாம் வாங்குவது யார் செய்தது என்று தாய்மார் அறிய அதுவே அடையாளமாயிற்று.

1909 மே 9ஆம் நாள் அம்மையார் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய நிறுவனம் இன்றும் கீங்கனில் இயங்குகிறது.

மாணவ நண்பர்களே! நாளை நம்முள் சிலர் கடை வைக்கலாம். சிலர் மருந்தோ எந்திரமோ ஆக்கலாம். கூட்டத்தை எண்ணுவது எளிது. கூட்டத்தில் நிற்கும் ஒரு குழந்தையை அறிவது அரிது. அந்த அரிய செயலைச் செய்பவரிடம் மக்கள் மீண்டும் மீண்டும் வருவர். நடக்க இயலாத ஒருவர் செய்த பொம்மைகள் உலகெங்கும் நடந்த வரலாறு நமக்குச் சொல்வது இதுவே!