வயிற்று நோயோடு வாழ்ந்த டார்வின்

1859-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி லண்டனில் ஒரு புத்தகம் வெளிவந்தது. உயிரினங்கள் எப்படித் தோன்றின என்பதைச் சொல்லும் புத்தகம் அது. 1,250 பிரதிகள் அச்சிட்டிருந்தார்கள். கடைக்காரர்கள் அதற்கு மேலும் கேட்டார்கள்.

எழுதியவர் சார்லஸ் டார்வின். அவர் அப்போது லண்டனில் இல்லை. வடக்கே யார்க்‌ஷயர் மாவட்டத்தில், இல்க்லி என்ற ஊரில், ஒரு தண்ணீர் வைத்தியசாலையில் தங்கியிருந்தார்.

அவருக்கு வயிற்றில் கோளாறு. ஏறக்குறைய 40 ஆண்டுகள் அந்த நோய் அவரை வாட்டியது. டாக்டர்கள் ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். என்ன நோய் என்று கடைசிவரை ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் 1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி டார்வின் பிறந்தார். தந்தை ராபர்ட் டார்வின் பெயர் பெற்ற டாக்டர். பாட்டனாரும் டாக்டர்தான்.

மகனும் டாக்டராக வேண்டும் என்று தந்தை விரும்பினார். 1825-ம் ஆண்டு எடின்பரோ நகருக்குப் படிக்க அனுப்பினார். அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. ஒரு குழந்தைக்கு ஆபரேஷன் நடந்ததை டார்வின் பார்த்தார். தாங்க முடியவில்லை. பாதியிலேயே வெளியே ஓடிவிட்டார். வைத்தியப் படிப்பும் அதோடு போயிற்று.

டாக்டர் தொழிலை வேண்டாம் என்று விட்டவர், பிறகு வாழ்நாள் முழுவதும் டாக்டர்களைத் தேடி அலைய நேர்ந்தது.

கப்பல் பயணம்

1831-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி 'பீகிள்' என்ற கப்பலில் டார்வின் புறப்பட்டார். ஐந்து ஆண்டுகள் உலகைச் சுற்றினார்.

கடலில் அவருக்கு ஓயாத குமட்டல். தொங்கு படுக்கையில் படுத்துக்கொண்டு உலர்ந்த திராட்சையைத் தின்று சமாளித்தார். கரையில் இறங்கினால் வேறு ஆள். தென் அமெரிக்காவில் குதிரை ஏறினார், மலை ஏறினார்.

1836-ம் ஆண்டு அக்டோபரில் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே உடம்பு படுத்தத் தொடங்கியது.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் வயிறு ஊதும். வாந்தி வரும். நெஞ்சு படபடக்கும். தலை சுற்றும். நண்பர்கள் வந்து நெடுநேரம் பேசினால் போதும். அன்று இரவு உடம்பு நடுங்கி, வாந்தி எடுத்துப் படுத்துவிடுவார்.

மாமன் மகள்

1839-ம் ஆண்டு ஜனவரியில் தாய்மாமன் மகள் எம்மாவை டார்வின் மணந்தார். 1842-ல் லண்டனுக்குத் தெற்கே டவுன் என்ற சிற்றூரில் வீடு வாங்கிக் குடியேறினார்கள். பட்டணத்துச் சந்தடி அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அவர் எழுதும் அறையின் ஒரு மூலையில் மறைப்பு உண்டு. அதற்குள் ஒரு தண்ணீர்ப் பாத்திரம். வாந்தி வந்தால் எழுந்து அங்கே போவார். நின்றதும் திரும்பி வந்து வேலையைத் தொடர்வார்.

எம்மா அவருக்குத் தாதியும் ஆனார். கதைப் புத்தகம் படித்துக் காட்டுவார். பியானோ வாசிப்பார். இரவில் இருவரும் பகடை உருட்டி 'பேக்காமன்' என்ற காய் ஆட்டம் ஆடுவார்கள். டார்வின் அதற்கும் கணக்கு வைத்தார். 1876-ம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் ஜெயித்தவை 2,795 ஆட்டம். எம்மா ஜெயித்தவை 2,490.

தண்ணீர் வைத்தியம்

1848-ம் ஆண்டு தந்தை இறந்தார். டார்வினின் உடல்நிலை மோசமாக இருந்தது. அடக்கத்துக்குக்கூட நேரத்தில் போய்ச் சேர முடியவில்லை.

மறு ஆண்டு மால்வர்ன் என்ற ஊரில் டாக்டர் கல்லி என்பவரிடம் போனார். முதலில் வியர்க்க வைப்பார்கள். பிறகு குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் உடம்பைத் தேய்ப்பார்கள். வயிற்றில் நாள் முழுவதும் ஈரத்துணி. சர்க்கரை கூடாது, வெண்ணெய் கூடாது, மசாலா கூடாது.

உடம்பு தேறியது. வீட்டுத் தோட்டத்திலும் குளிர்ந்த நீரில் குளிக்க ஒரு குடிசை போட்டார். 1849 முதல் 1855 வரை தினமும் உடல்நிலையைக் குறித்து வைத்தார். நன்றாக இருந்த நாளுக்குத் தனி அடையாளம் போட்டார்.

1851-ல் அவருடைய 10 வயது மகள் ஆனி நோயுற்றாள். அவளுக்கும் வாந்தி. அவளை அதே மால்வர்னுக்கு அழைத்துப் போனார். ஏப்ரல் 23-ந் தேதி அவள் இறந்தாள். எம்மா நிறைமாதக் கர்ப்பிணி, வீட்டில் இருந்தார். டார்வின்தான் மகளின் பக்கத்தில் இருந்தார்.

நெருங்கிய உறவில் மணந்ததால் தம் நோய் குழந்தைகளுக்கும் வந்துவிட்டதோ என்ற பயம் அவரை விடவே இல்லை. பத்துக் குழந்தைகளில் மூவர் சிறு வயதிலேயே இறந்தனர்.

மூன்று மணி நேர வேலை

நோயைத் தீர்க்க முடியவில்லை. அதற்கு ஏற்றபடி நாளைப் பங்கிட்டுக்கொண்டார்.

காலை 8 மணி முதல் ஒன்றரை மணி நேரம் வேலை. பிறகு ஓய்வு, எம்மா கடிதங்களைப் படிப்பார். பத்தரை முதல் 12 வரை மறுபடி வேலை. அப்புறம் தோட்டத்து மண்பாதையில் நடை. பாதை ஓரத்தில் சில கற்களைக் குவித்து வைப்பார். ஒரு சுற்று முடிந்தால் ஒரு கல்லைக் காலால் தள்ளிவிடுவார். எத்தனை சுற்று என்று மனத்தில் எண்ண வேண்டியதில்லை.

1860-ல் ஆக்ஸ்போர்டு நகரில் அவர் கொள்கையைப் பற்றிப் பெரிய வாதம் நடந்தது. டார்வின் வரவில்லை, அப்போதும் ஒரு தண்ணீர் வைத்தியசாலையில் இருந்தார். நண்பர் ஹக்ஸ்லி அவருக்காக வாதாடினார். 1864-ல் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. அதை வாங்கவும் போக முடியவில்லை. 1865-ல் ஒரு டாக்டர் முதுகெலும்பில் ஐஸ் பை வைத்துப் பார்த்தார். பலன் இல்லை.

பூச்சி தின்னும் செடி

இந்த மனிதர்தான் ஜீரணத்தைப் பற்றியும் ஆராய்ந்தார்! பூச்சி தின்னும் செடிகளுக்கு இறைச்சித் துண்டு, முட்டை வெள்ளைக் கரு, பால் எல்லாம் கொடுத்துப் பார்த்தார். நம் இரைப்பையைப் போலவே அந்த இலைகளும் சாறு சுரந்து உணவைச் செரிக்கின்றன என்று கண்டார். 1875-ல் அது புத்தகமாக வந்தது.

கடைசிப் பத்து ஆண்டுகளில் வயிற்றுத் தொல்லை குறைந்தது. 1881-ல் மண்புழுவைப் பற்றி எழுதியது அவருடைய கடைசிப் புத்தகம். 1882-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி, 73-வது வயதில், இருதய நோயால் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

என்ன நோய்?

இந்தக் கேள்வி அவரோடு அடங்கவில்லை. 1835-ல் அர்ஜென்டினாவில் ஓர் இரவு ஒரு பெரிய பூச்சி அவரைக் கடித்தது. அதனால் வந்த 'சாகஸ்' நோயாக இருக்கலாம் என்று 1959-ல் ஒரு விஞ்ஞானி சொன்னார். அப்படியானால் முதுமையில் எப்படிக் குறைந்தது என்று மற்றவர்கள் கேட்டார்கள். பால் செரிக்காத உடம்பு என்றார்கள் சிலர். குடல் அழற்சி என்றார்கள் சிலர். மனக்கவலை என்றவர்களும் உண்டு.

இன்று வயிறு கெட்டால் குழாய் விட்டு உள்ளே பார்க்கலாம், ரத்தத்தைச் சோதிக்கலாம். டார்வினுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. எந்த நாள் நல்ல நாள், எந்த உணவு ஆகாது, எப்போது எழுந்து ஓய்வு எடுக்க வேண்டும் என்பதைத் தாமே கவனித்துத் தெரிந்துகொண்டார். அந்த மூன்று மணி நேரத்தில் அவர் எழுதிய புத்தகங்கள் இன்று ஓர் அலமாரியை நிறைக்கின்றன.