அடையாற்றில் மரியா மாண்டிசோரி: மழலையர் கல்விச் சிந்தனையின் இந்தியக் காலம்

மரியா மாண்டிசோரியின் வாழ்க்கை பெரும்பாலும் உரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் தொடங்கப்பெற்ற குழந்தைகள் இல்லத்தை நடுவாகக் கொண்டே சொல்லப்படுகிறது. அடையாற்று ஆண்டுகள் அதில் போர்க்காலத் தங்கலாகச் சுருங்கிவிடுகின்றன. அவருடைய சிந்தனை எங்கு முதிர்ந்தது என்னும் வினாவை முன்வைத்தால் இவ்வழக்கமான சித்திரம் போதுமானதாக இல்லை.

இத்தாலியின் கியாரவல்லேயில் 1870ஆம் ஆண்டு ஆகத்து 31ஆம் நாள் பிறந்த அவர், 1896இல் உரோமில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக அவர் கையாண்ட பயிற்சிக் கருவிகளே பின்னர் எல்லாக் குழந்தைகளுக்கும் உரியனவாயின. 1898இல் திருமண உறவுக்கு வெளியே மாரியோ பிறந்தார். அக்காலச் சமூகம் அத்தகைய தாயைப் பணியில் நீடிக்க விட்டிராது. மகன் நாட்டுப்புறக் குடும்பமொன்றில் வளர்ந்தார். உலகக் குழந்தைகளுக்காகப் பேசிய ஒருவர் தம் குழந்தையின் மழலைப் பருவத்தை அருகிருந்து காணவில்லை என்பது இவ்வரலாற்றின் ஆழ்ந்த முரண். பதின்ம வயதில் தாயிடம் சேர்ந்த மாரியோ, உலகின் முன் நெடுங்காலம் உறவினராகவோ வளர்ப்பு மகனாகவோதான் அறியப்பட்டார்.

முசோலினி அரசோடு முரண்பட்டு 1934இல் இத்தாலியையும், உள்நாட்டுப் போரால் 1936இல் எசுப்பானியாவையும் விட்டகன்ற மாண்டிசோரியை, பிரம்மஞான சபைத் தலைவர் சார்ச் அருண்டேல் சென்னைக்கு அழைத்தார். 1939 நவம்பரில் அடையாற்றில் பயிற்சி வகுப்பு தொடங்கியது. ஏறத்தாழ 300 பேர் பயின்றனர். மாண்டிசோரி இத்தாலியத்தில் உரையாற்ற, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பழகும் முறை இந்நிலத்துக்கு முற்றிலும் அயலானதன்று; திண்ணைப்பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரல் தேய எழுதியவர்களே. ஆயின், திண்ணையில் ஏவல் ஆசிரியருடையது. இங்கோ தெரிவு குழந்தையினுடையது.

1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் பகைநாட்டவராயினர். மாரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். தாயின் நடமாட்டம் அடையாற்று வளாகத்தை ஒட்டிக் கட்டுப்படுத்தப்பட்டது. கைகளும் குரலும் போன்றிருந்தவர் இல்லாத நிலையில் எழுபதாம் பிறந்தநாள் வந்தது. அதனையொட்டி அரசு மாரியோவை விடுவித்தது. வைசிராயின் செய்தி அவரை மகன் என்றே சுட்டியதாகக் கூறப்படுகிறது. நாற்பதாண்டு மறைப்பு அலுவலகச் செய்தியொன்றில் அவிழ்ந்தது வியப்புக்குரியது.

பின்னர்க் கோடைக்கானலில் பல வயதினரும் கலந்து பயின்ற சிறு பள்ளியில், இலங்கையின் இலேனா விக்கிரமரத்னே துணையுடன், ஆறு வயதுக்கு மேற்பட்டோர்க்கான அண்டக் கல்விக் கருத்து உருப்பெற்றது. செடியும் பூச்சியும் பாறையும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதே அதன் அடிப்படை. மற்றொரு புறம் அவரது கவனம் பிறந்த குழந்தையை நோக்கியும் நீண்டது. அகமதாபாத் உரைகளிலிருந்து உருவாகி 1949இல் அடையாற்றில் அச்சேறிய 'உள்வாங்கும் மனம்' மூன்று வயதில் அன்று, பிறப்பிலிருந்தே கல்வியைத் தொடங்குகிறது. கைக்குழந்தையைச் சுமந்தபடியே தாய் அன்றாட வேலைகளுக்குச் செல்லும் வழக்கத்தை அந்நூல் குழந்தையின் வளர்ச்சியோடு இணைத்து நோக்குகிறது. இத்தகைய தாயரைத் தெருதோறும் கண்ட ஆண்டுகளுக்குப் பின்னரே அது எழுந்தது என்பதை ஆய்வாளர் தற்செயலாகக் கொள்வதற்கில்லை.

அவ்வாண்டிலேயே அவர் இந்தியாவிலிருந்து இறுதியாக விடைபெற்றார். 1952 மே 6ஆம் நாள் நெதர்லாந்தின் நோர்ட்வைக் என்னும் கடலோர ஊரில் காலமானார்.