சுபேதார் வீட்டுப் பிள்ளை

அண்ணல் அம்பேத்கர் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் படைமுகாமில் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதார். படைப் பள்ளியில் தலைமையாசிரியராகவும் இருந்தவர். கற்பிப்பதே தொழிலானவரின் வீடு மற்றொரு வகுப்பறையாகும் என்பதை ஆசிரியராகிய நாம் நன்கறிவோம்.

1901இல் கோரேகானில் காசாளராயிருந்த தந்தையாரைக் காண, சதாராவிலிருந்து சிறுவர்கள் புறப்பட்டு மசூர் இரயில் நிலையத்தில் இறங்கினர். அவர்தம் நல்லுடை கண்டு பரிவுடன் வினவிய நிலைய அதிகாரி, மகார் எனக் கேட்டதும் விலகினார். இருமடங்கு கூலி பெற்ற வண்டிக்காரனும் உடன் அமர ஒப்பவில்லை; சிறுவரே ஓட்ட, அவன் நடந்தான். கையில் உணவிருந்தும் அன்றிரவு பருக நீர் கிடைக்கவில்லை. தீண்டாமையை அதுவரை இயல்பெனக் கொண்டிருந்த சிறுவர், அன்றுமுதல் அதுபற்றிச் சிந்திக்கலானார். சுபேதார் மகன் என்ற தன்மதிப்பு உள்ளத்தில் ஊன்றியிருந்தமையாலேயே அவ்வதிர்ச்சி அத்துணை ஆழமாகத் தைத்தது என்பது நம் கருத்து.

பின்னர் பம்பாயில், பரேலில் ஒற்றை அறையில் குடும்பம் வாழ்ந்தது. மகன் படிப்பதற்கெனத் தந்தையார் இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிடுவார். நூல் வாங்கப் பணமில்லையெனில், மணமான புதல்வியரின் நகையைப் பெற்று அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். 1907இல் மகன் மெட்ரிகுலேஷன் தேறினார். 1913 பிப்ரவரியில் இராம்ஜி மறைந்தார். அவ்வாண்டே மகன் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்குக் கப்பலேறினார்.