எலவர்த்தி நாயுடம்மா

எலவர்த்தி நாயுடம்மா (செப்டம்பர் 10, 1922 - ஜூன் 23, 1985) இந்தியத் தோல் தொழில்நுட்ப அறிவியலாளர் ஆவார். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக 1958 முதல் 1971 வரை பணியாற்றினார். தோலில் உள்ள இயற்கைப் பாலிமரான கொலாஜனை நீடித்து உழைக்கச் செய்யும் வேதியியல் இவரது முதன்மை ஆய்வுத் துறையாகும்.

இளமையும் கல்வியும்

ஆந்திரத்தில் தெனாலிக்கு அருகிலுள்ள எலவர்ரு என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தொழிலக வேதியியலும், பின்னர் சென்னையில் தோல் தொழில்நுட்பமும் பயின்றார். அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தோல் வேலை சில சாதியினருக்கு மட்டுமே உரியது எனத் தாழ்வாகக் கருதப்பட்ட காலத்தில் இவர் இத்துறையைத் தேர்ந்தெடுத்தார்.

ஆய்வுப் பணிகள்

பதனிடாத தோல் ஈரத்தில் அழுகிவிடும். நீரில் ஏறத்தாழ 60-65 பாகை செல்சியசு வெப்பத்தில் சுருங்கியும் விடும். ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள்களோ குரோமிய உப்புகளோ கொலாஜன் இழைகளுக்கிடையே பிணைப்புகளை உண்டாக்குவதால் தோல் நிலைபெறுகிறது. குரோமியத்தால் நன்கு பதனிட்ட தோல் கொதிநீரையும் தாங்கும். இப்பிணைப்புகளின் தன்மையை நாயுடம்மா ஆராய்ந்தார். சீரியம் அயனிகளின் உதவியால் செயற்கைப் பாலிமர்களைக் கொலாஜனுடன் ஒட்டி வளர்க்கும் முறையையும் தம் குழுவினருடன் ஆய்ந்து, 1970களின் தொடக்கத்தில் கட்டுரைகள் வெளியிட்டார்.

தொழில் வளர்ச்சி

அக்காலத்தில் இந்தியா பெரும்பாலும் பாதி பதனிட்ட தோலையே ஏற்றுமதி செய்தது. அதனை முழுமையாக்கிக் காலணியாகவும் பையாகவும் விற்ற வெளிநாடுகளே மிகுந்த வருவாய் பெற்றன. முடிவுற்ற பொருள்களை இங்கேயே செய்ய வேண்டும் என நாயுடம்மா வலியுறுத்தினார். ஆய்வகத்தில் கண்ட முறைகளைத் தோல் பதனிடுவோரிடமும் சிற்றூர்க் கைவினைஞரிடமும் கொண்டு செல்வதை நிறுவனத்தின் முக்கியப் பணியாக்கினார். 1970களில் அரையளவு பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடுகள் விதித்தது. அதன்பின் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் முடிவுற்ற தோலும் காலணியும் செய்யும் ஆலைகள் பெருகின.

பிற பொறுப்புகள்

1971 முதல் 1977 வரை அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் தலைமை இயக்குநராக இருந்தார். அப்போது கரீம்நகர் மாவட்டத்தில் அறிவியல் வழி ஊரக வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கினார். 1981-82இல் புது தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றினார். 1971இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

மறைவு

கனடாவிலிருந்து திரும்பும் வழியில், ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் குண்டுவெடிப்பில் சிதறியது. அதில் உயிரிழந்த 329 பேரில் நாயுடம்மாவும் ஒருவர்.