கல் பொறுக்கிய துரை: ராபர்ட் புரூஸ் ஃபூட்

இந்தப் பலகையில் காந்தி, காமராசர், பாரதியார் எல்லாரையும் எழுதி முடிச்சாச்சு. அதனால் நான் ஒரு வெள்ளைக்காரரைப் பற்றி எழுதுகிறேன். வரலாற்றுப் பாடத்தில் இவர் பெயரை ஒரு மார்க் கேள்விக்காகப் படிச்சிட்டு விட்டுடுவோம். ஆனா இவருக்கும் நம்ம சோழவரம் ஏரிக்கும் சம்பந்தம் இருக்கு!

ராபர்ட் புரூஸ் ஃபூட் 1834 செப்டம்பர் 22 அன்று இங்கிலாந்தில் செல்டன்ஹாம் என்ற ஊரில் பிறந்தார். 1858 இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்து சென்னைக்கு வந்தார். எந்த ஊரில் என்ன பாறை, என்ன மண் என்று பார்த்து வரைபடம் போடுவதுதான் வேலை. அதுக்குத்தான் சம்பளம்.

1863 மே 30. மே மாச வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பல்லாவரத்தில் கிராவல் தோண்டிய ஒரு குழியில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. நாமாக இருந்தால் காலால் தள்ளிவிட்டுப் போயிருப்போம். அவர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் சில்லு சில்லாகத் தட்டி எடுத்திருந்தது. அது தானாக உடைந்த கல் இல்லை, ஆதிமனிதன் செய்த கருவி என்று கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு வயது 28 தான். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அந்தக் கல்தான் முதல் சாட்சி.

அதே வருஷம் செப்டம்பரில் வில்லியம் கிங் என்ற நண்பரோடு நம்ம திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்துக்கு வந்தார். அங்கே ஓடை அரித்த இடத்தில் நிறைய கைக்கோடரிகள் கிடைத்தன. அதிரம்பாக்கம் இருப்பது கொசஸ்தலை ஆற்றுப் படுகையில். தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பி விடுகிற அதே ஆத்துத் தண்ணிதான் நம்ம ஏரிக்கு வருது. இதைப் படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

1891 இல் ஓய்வு பெற்ற பிறகும் ஏற்காட்டில் வீட்டோடு சும்மா இருக்கவில்லை. பரோடா, மைசூர் சமஸ்தானங்களிலும் வேலை பார்த்தார். தான் சேர்த்த கருவிகளை 1904 இல் சென்னை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். எந்தக் கல் எந்த ஊரில் எடுத்தது என்று பட்டியலும் எழுதினார். எனக்குக் கண்டுபிடிப்பை விட இதுதான் பெரிசாகத் தெரியுது. எடுத்த இடம் தெரியாவிட்டால் அது வெறும் ஜல்லிக்கல்தானே? 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் இறந்தார். பட்டியல் அவர் இறந்த பிறகுதான் புத்தகமாக வந்தது.

அவர் விட்ட இடத்திலிருந்து 1999 முதல் சாந்தி பப்பு அவர்களும் சர்மா மரபுக் கல்வி மையத்தினரும் அதிரம்பாக்கத்தில் தோண்டினார்கள். கருவிகளோடு விலங்குகளின் பல்லும் குளம்புத் தடங்களும் கிடைத்தன. மிகப் பழைய கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் வருஷம் என்று 2011 இல் அறிவித்தார்கள். ஃபூட் துரைக்கு இது தெரியாமலேயே போச்சு, பாவம்.

பழைய கோயிலை இடித்தால் நாலு பேர் வந்து கேட்பாங்க. கல்லை யார் கேட்பாங்க? எங்க தெரு வழியா சவுடு மண் லாரி போகும்போதெல்லாம், அதுல எத்தனை கைக்கோடரி போகுதோ என்று நினைப்பேன். ரோட்டுக்கு அடியில போட்டு ரோலர் ஏத்திட்டா அவ்வளவுதான். எங்க தாத்தாகிட்ட சொன்னேன். அவர் சின்ன வயசுல அந்த மாதிரி கல்லுல புளியங்கொட்டை உடைச்சிருப்பாராம்!

ஃபூட் கண்ட மாதிரி கைக்கோடரிகள் பூண்டியில் உள்ள தொல்பழங்கால அருங்காட்சியகத்தில் இருக்கு. நம்ம வகுப்பைக் கூட்டிட்டுப் போகச் சொல்லி டீச்சரிடம் கேட்டிருக்கோம். பரீட்சை முடியட்டும் என்று சொல்லியிருக்காங்க.